கூரைமேல் ஒரு மின்நிலையம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் என்னைப் பார்க்க வந்தார். அஞ்சல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மொட்டைமாடியில் சூரிய மின்பலகைகள் அமைத்துத் தர ஒரு நிறுவனம் கொடுத்திருந்த விலைப்பட்டியல் அது. 3 கிலோவாட் அமைப்பு. விலை 1,80,000 ரூபாய்.

"தம்பி, நீங்கள் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிறவர். வெயில் சும்மாதானே கிடைக்கிறது? அப்புறம் எதற்கு இவ்வளவு பணம்? ஓய்வு பெற்றபோது வந்த பணத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். போட்டால் இலாபமா, நட்டமா?" என்று கேட்டார்.

"ஐயா, கொஞ்சம் பொறுங்கள். கணக்குப் போட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

எளிய கேள்விதான். ஆனால் இதே கேள்வியை எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே ஓர் அறிவியலறிஞர் தமக்குத் தாமே கேட்டுக்கொண்டார். அவருக்குக் கிடைத்த விடை அவரையே திகைக்க வைத்தது. அந்த விடையிலிருந்து பெரியவரின் கையிலிருந்த தாள் வரை வந்த கதையை அறிந்தால், இன்றைய விலையில் எது எதற்குப் பணம் கொடுக்கிறோம் என்பது தெளிவாகும்.

தங்கம் பூசிய செலினியம்

ஒளியிலிருந்து நேரே மின்சாரம் பெறலாம் என்பதை முதலில் கண்டவர் எட்மண்ட் பெக்கெரல் என்ற பிரெஞ்சு இளைஞர். 1839ஆம் ஆண்டு, தம் தந்தையின் ஆய்வுக்கூடத்தில், அமிலக் கரைசலில் அமிழ்த்திய மின்வாய்களின் மீது ஒளி பட்டபோது மின்னோட்டம் எழுவதை அவர் கண்டார். அப்போது அவருக்கு வயது 19. ஆயினும் அடுத்த முப்பது ஆண்டுகளுக்கு மேல் இக்கண்டுபிடிப்பால் பயன் ஏதும் விளையவில்லை.

1873ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கடலடித் தந்திக் கம்பிகளைச் சோதித்து வந்த வில்லபி ஸ்மித் என்ற பொறியாளர், செலினியம் என்னும் தனிமம் இருளில் ஒருவாறும் வெளிச்சத்தில் வேறொருவாறும் மின்சாரத்தைக் கடத்துவதைக் கவனித்தார். மூன்றாண்டுகள் கழித்து வில்லியம் ஆடம்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர் ரிச்சர்டு டே என்பவரும், செலினியத்தின் மீது ஒளி பட்டால் மின்னோட்டமே தோன்றுகிறது எனக் காட்டினர். இங்கே கரைசல் இல்லை. அசையும் உறுப்பு எதுவுமில்லை. திடப்பொருள் ஒன்று ஒளியை வாங்கி மின்சாரம் கொடுத்தது.

இதைப் பலகையாகச் செய்து பார்த்தவர் அமெரிக்கரான சார்லஸ் ஃபிரிட்ஸ். உலோகத் தகட்டின் மேல் செலினியத்தைப் பரப்பி, அதன்மேல் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகத் தங்கம் பூசினார். இது நடந்தது 1883ஆம் ஆண்டில். அதற்கு முந்தைய ஆண்டுதான் எடிசன் நியூயார்க் நகரில் நிலக்கரியால் இயங்கும் தம் மின்நிலையத்தைத் தொடங்கியிருந்தார். தம்முடைய பலகைகள் அத்தகைய நிலையங்களோடு போட்டியிடும் காலம் வரும் என்று ஃபிரிட்ஸ் நம்பினார். ஆனால் அவருடைய பலகை, தன்மேல் விழுந்த ஒளியாற்றலில் நூற்றில் ஒரு பங்கைக்கூட மின்சாரமாக மாற்றவில்லை. தங்கமும் செலினியமும் விலை மிக்கவை, விளைவோ சொற்பம். நிலக்கரியே வென்றது.

பதினான்கு இலட்சம் டாலர்

கதையின் அடுத்த கட்டம் தொலைபேசியோடு தொடர்புடையது. 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் டேரில் சேப்பின் என்பவர் ஒரு நடைமுறைச் சிக்கலை ஆராய்ந்து வந்தார். ஒதுக்குப்புறமான இடங்களில் தொலைபேசிக் கருவிகளை உலர் மின்கலங்களே இயக்கி வந்தன. நம் நாட்டைப் போல வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில் இக்கலங்கள் விரைவில் கெட்டுப்போயின. வேறு வழி தேடிய சேப்பின் செலினியத்தைச் சோதித்து ஏமாற்றமடைந்தார்.

அதே ஆய்வுக்கூடத்தில் கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் ஆகிய இருவரும் சிலிக்கனை ஆராய்ந்து வந்தனர். மணலில் ஆக்சிஜனோடு கூடிக் கிடக்கும் தனிமம்தான் சிலிக்கன். மிகத் தூய்மையான சிலிக்கனோடு ஆர்செனிக் போன்ற பொருளை அணுவளவு சேர்த்தால் எலக்ட்ரான்கள் மிகுந்த என்-வகைக் குறைகடத்தி கிடைக்கும். போரானைச் சேர்த்தால் எலக்ட்ரான்கள் குறைந்த பி-வகை கிடைக்கும். இவ்விரண்டும் ஒட்டும் எல்லையில் இயல்பாகவே ஒரு மின்புலம் அமைந்துவிடுகிறது. ஒளி உள்ளே புகுந்து ஓர் எலக்ட்ரானை அதன் பிணைப்பிலிருந்து விடுவித்தால், அம்மின்புலம் அதை ஒரு பக்கமாகத் தள்ளுகிறது. வெளியே கம்பியால் இணைத்துவிட்டால் அதுவே மின்னோட்டம். இத்தகைய சந்தி ஒன்று ஒளியில் மின்சாரம் தருவதை 1940ஆம் ஆண்டிலேயே ரஸ்ஸல் ஓல் என்பவர் விரிசலுற்ற சிலிக்கன் துண்டு ஒன்றில் தற்செயலாகக் கண்டிருந்தார். ஃபுல்லர் அத்தகைய சந்தியை வேண்டியபடி செய்யும் முறையை வகுத்தார்.

சேப்பின், ஃபுல்லர், பியர்சன் மூவரும் செய்த சிலிக்கன் மின்கலம் 1954ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் செய்தியாளர்களுக்குக் காட்டப்பட்டது. விளக்கொளியில் அது ஒரு பொம்மை இராட்டினத்தைச் சுற்றியது. ஒளியாற்றலில் 6 விழுக்காட்டை அது மின்சாரமாக மாற்றியது. அடுத்த ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ் என்ற ஊரில் கிராமத் தொலைபேசித் தொடர் ஒன்றில் அதைப் பொருத்திச் சோதித்தனர். கலம் நன்கு வேலை செய்தது. ஆனால் செலவு கட்டுப்படியாகவில்லை.

1956ஆம் ஆண்டு சேப்பின் ஒரு கணக்குப் போட்டார். ஒரு வாட் திறன் தரும் மின்கலத்தின் விலை 286 டாலர். ஒரு சராசரி அமெரிக்க வீட்டுக்குத் தேவையான 5,000 வாட் திறனுக்கு ஆகும் செலவு 14,30,000 டாலர்! அன்றைய நாணய மாற்று மதிப்பில் இது ஏறத்தாழ 68 இலட்சம் ரூபாய். அதே காலத்தில் சாதாரண மின்நிலையம் ஒன்றை அமைக்க ஒரு வாட்டுக்கு அரை டாலர் போதுமானதாக இருந்தது.

இங்கே ஒன்றை மனத்தில் நிறுத்த வேண்டும். நிலக்கரி மின்நிலையத்தின் செலவில் ஒரு பகுதியே கட்டுமானம். நிலக்கரியின் விலையை எரிக்க எரிக்கக் கொடுத்துக்கொண்டே இருக்கலாம். சூரிய மின்கலத்துக்கு எரிபொருள் இல்லை. ஆகவே இருபது, இருபத்தைந்து ஆண்டு மின்சாரத்தின் விலை முழுவதையும் முதல்நாளே கொடுத்துவிட வேண்டியிருக்கிறது. பெரியவர் கேட்ட 'எதற்கு இவ்வளவு பணம்?' என்ற கேள்விக்கு முதல் விடை இதுதான்.

வீட்டுக்கு முன் விண்வெளி

இவ்வளவு விலை கொடுக்க எந்தக் குடும்பத்தாலும் இயலாது. விலையைப் பொருட்படுத்தாத வாடிக்கையாளர் ஒருவர்தான் வேண்டும். அப்படி ஒருவர் வானத்தில் கிடைத்தார். 1958ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் அமெரிக்கா ஏவிய வேன்கார்டு-1 என்ற சிறிய செயற்கைக் கோளில் சாதாரண மின்கலத்தால் இயங்கும் ஒலிபரப்பி ஒன்றும், சூரிய மின்கலத்தால் இயங்கும் ஒலிபரப்பி ஒன்றும் இருந்தன. முதலாவது சில மாதங்களுக்குள் ஓய்ந்தது. இரண்டாவது 1964ஆம் ஆண்டு வரை பேசிக்கொண்டிருந்தது. அதன்பின் செயற்கைக் கோள் என்றாலே சூரியச் சிறகுகள் என்றாகிவிட்டது.

விண்வெளியில் எடை குறைவதும், பழுதின்றி உழைப்பதும்தான் முக்கியம், விலை முக்கியமன்று. ஆகவே கலங்களின் செயல்திறன் உயர்ந்தது, விலை இறங்கவில்லை. 1970களின் தொடக்கத்திலும் ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 100 டாலர் கொடுக்க வேண்டியிருந்தது.

கழித்துவிட்ட சில்லுகள்

அந்த விலையைத் தரைக்கு இறக்கியவர் எலியட் பெர்மன் என்ற வேதியியலறிஞர். வியப்பு என்னவெனில், அவருக்குப் பொருளுதவி செய்தது எக்ஸான் என்ற எண்ணெய் நிறுவனமே. விண்வெளிக் கலத்தைத் தரையில் பயன்படுத்துவது வீண் ஆடம்பரம் என்று பெர்மன் உணர்ந்தார். டிரான்சிஸ்டர்த் தொழிற்சாலைகள் தரக்குறைவு எனக் கழித்த சிலிக்கன் வில்லைகளைக் குறைந்த விலைக்கு வாங்கினார். மிக மெருகிட்ட பரப்பு, விலையுயர்ந்த உறை ஆகியவற்றை விட்டொழித்தார். 1973ஆம் ஆண்டு அவருடைய நிறுவனம் ஒரு வாட்டை 20 டாலருக்கு விற்றது. நூறு இருபதாயிற்று!

இருபது டாலரும் வீட்டுக்கு மிக அதிகம். ஆனால் மின்கம்பி எட்டாத இடங்களுக்கு அது மலிவு. கடலில் நிற்கும் எண்ணெய் மேடைகளின் எச்சரிக்கை விளக்குகளுக்குக் கனமான மின்கலங்களைப் படகில் ஏற்றிச் சென்று மாற்ற வேண்டியிருந்தது. ஒரு சிறு பலகையும் ஒரு சேமக்கலமும் அந்தத் தொல்லையை ஒழித்தன. மிதவை விளக்குகள், மலைமேல் உள்ள தொலைபேசி அஞ்சல் நிலையங்கள், பாலைவன ஊர்களின் நீர் இறைக்கும் பொறிகள் என வாடிக்கையாளர்கள் பெருகினர். விலையும் சிறிது சிறிதாக இறங்கியது.

இக்காலத்தில்தான் இந்தியாவும் இத்துறையில் இறங்கியது. சாகிபாபாதில் உள்ள பொதுத்துறை நிறுவனமான மத்திய மின்னணு நிறுவனம் 1977ஆம் ஆண்டு நாட்டின் முதல் சூரிய மின்கலத்தையும், அடுத்த ஆண்டு முதல் மின்பலகையையும் செய்தது.

இரவில் என்ன செய்வது?

வீட்டுக்கூரைக்கு வருவதற்கு இன்னொரு தடையும் இருந்தது. வீட்டில் விளக்கு எரிவது இரவில். சூரியன் இருப்பது பகலில். 1973ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகத்தில் கார்ல் போயர் என்பவர் சூரியனிலிருந்து வெப்பமும் மின்சாரமும் பெறும் வீடொன்றைக் கட்டினார். அதில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கச் சேமக்கலங்கள் இருந்தன. ஆனால் சேமக்கலம் விலை மிக்கது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. பலகைக்கு ஆகும் செலவோடு இச்செலவும் சேர்ந்தால் கணக்கு இன்னும் கசக்கும்.

விடை மின்பொறியியலில் மட்டுமன்றிச் சட்டத்திலும் இருந்தது. சிறு உற்பத்தியாளர்களிடமிருந்து மின்சாரத்தை மின் நிறுவனங்கள் வாங்கியே தீர வேண்டும் என்று 1978ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் ஒன்று கூறியது. 1980களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கார்லைல் என்ற ஊரில் கட்டப்பட்ட வீட்டின் கூரையில் 7 கிலோவாட்டுக்கு மேற்பட்ட பலகைகள் இருந்தன, சேமக்கலம் இல்லை. பகலில் மிஞ்சிய மின்சாரம் தெருக்கம்பிக்குச் சென்றது. இரவில் தெருக்கம்பியிலிருந்து வீட்டுக்கு வந்தது. ஊர் முழுவதற்குமான மின்தொடரே அவ்வீட்டின் சேமக்கலமாயிற்று. இன்று நம் வீடுகளில் வைக்கும் இருவழி மீட்டரின் கருத்து இதுதான்.

இதில் இன்னொரு வினாவும் எழுந்தது. பெரிய வயல்வெளியில் ஒரே நிலையமாக அமைப்பதா, வீடுதோறும் அமைப்பதா? சுவிட்சர்லாந்தின் மார்க்குஸ் ரியல் என்ற பொறியாளர் 1980களின் பிற்பகுதியில் செய்து காட்டினார்: வீட்டுக்கு 3 கிலோவாட் வீதம் 333 கூரைகள், மொத்தம் ஏறத்தாழ 1,000 கிலோவாட். கூரை ஏற்கெனவே இருக்கிறது. நிலம் வாங்க வேண்டியதில்லை. கம்பி ஏற்கெனவே வீட்டுக்கு வந்திருக்கிறது. மின்சாரமும் பயன்படும் இடத்திலேயே பிறக்கிறது.

விலையைக் குறைத்தவர்கள் யார்?

முறை கிடைத்துவிட்டது, விலை மட்டும் இறங்க வேண்டும். விலை இறங்கினால் மக்கள் வாங்குவார்கள். மக்கள் நிறைய வாங்கினால்தான் விலை இறங்கும். இந்த முடிச்சை அவிழ்த்தவை ஜெர்மனியும் ஜப்பானும்.

ஜெர்மனி 1990ஆம் ஆண்டு 'ஆயிரம் கூரைகள்' என்ற திட்டத்தைத் தொடங்கிச் செலவின் பெரும்பகுதியை அரசே ஏற்றது. முடிவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளில் பலகைகள் ஏறின. ஜப்பான் 1994ஆம் ஆண்டு தொடங்கிய திட்டத்தில் வீட்டுக்காரருக்கு முதலில் ஏறத்தாழப் பாதிச் செலவை மானியமாகக் கொடுத்தது. பின்னர் ஆண்டுதோறும் மானியத்தைக் குறைத்து வந்தது. 2000ஆம் ஆண்டு ஜெர்மனி இயற்றிய சட்டமே பெரிய திருப்பம். கூரையில் பிறக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 99 பென்னிக் வீதம் இருபது ஆண்டுகளுக்குக் கொடுப்பதாக அது உறுதி கூறியது. வீட்டார் மின்சாரத்துக்குச் செலுத்திய கட்டணத்தைப் போல இது மூன்று மடங்குக்கும் மேல். அந்தப் பணம் மின்சாரம் பயன்படுத்துவோரின் கட்டணங்களில் பரவலாகச் சேர்க்கப்பட்டது.

இந்தத் தேவையைக் கண்டு புதிய தொழிற்சாலைகள் எழுந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிரீன் என்ற பேராசிரியரின் குழு சிலிக்கன் கலத்தின் செயல்திறனைப் படிப்படியாக உயர்த்தி வந்தது. அவருடைய மாணவரான ஷி ஜெங்ராங் சீனா திரும்பி 2001ஆம் ஆண்டு தொழிற்சாலை தொடங்கினார். பின்னர் சீனாவில் இத்தகைய ஆலைகள் பல்கிப் பெருகின. இடையில் தூய சிலிக்கனுக்கு உலகெங்கும் பஞ்சம் ஏற்பட்டு, 2008ஆம் ஆண்டு கிலோ 400 டாலருக்கு மேல் விற்றது. புதிய ஆலைகள் வந்தபின் நான்கே ஆண்டுகளில் 20 டாலரை ஒட்டி இறங்கியது.

உற்பத்திக்கும் விலைக்கும் உள்ள இந்த உறவை ரிச்சர்டு ஸ்வான்சன் என்ற பொறியாளரின் பெயரால் குறிப்பிடுவர். உலகில் அதுவரை செய்த பலகைகளின் மொத்த அளவு இரட்டிக்கும்போதெல்லாம் விலை ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்து வந்திருக்கிறது. பத்து முறை இரட்டித்தால் உற்பத்தி 1,024 மடங்கு; விலை ஏறத்தாழப் பத்தில் ஒன்று. இது இயற்கை விதியன்று. செய்து செய்து பழகிய கையின் பயன். 1970களின் நடுவில் வாட்டுக்கு 70 டாலருக்கு மேல் இருந்த பலகையின் விலை, 2010ஆம் ஆண்டளவில் 2 டாலரை ஒட்டி வந்தது. 2024ஆம் ஆண்டு உலகச் சந்தையில் ஏறத்தாழ 10 சென்ட் ஆயிற்று. சேப்பின் 14,30,000 டாலர் எனக் கணக்கிட்ட 5,000 வாட், 500 டாலர் ஆகிவிட்டது!

ஆக, இன்று நாம் மலிவாக வாங்கும் பலகையின் விலையில் ஒரு பகுதியை வேறு யாரோ முன்பே கட்டிவிட்டார்கள். இலாபம் இல்லாத காலத்தில் வாங்கிய ஜெர்மானிய, ஜப்பானியக் குடும்பங்களுக்கும், தம் மின்கட்டணத்தில் அதைச் சுமந்த அண்டை வீட்டாருக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

பலகை மலிவு, மற்றவை?

பலகை 10 சென்ட் என்றால் 3 கிலோவாட் பலகைக்கு 300 டாலர்தானே ஆக வேண்டும்? பிறகு 1,80,000 ரூபாய் எப்படி வந்தது?

பலகையின் விலை இறங்கிய வேகத்தில் மற்றவற்றின் விலை இறங்கவில்லை. காற்றுக்கு அசையாத இரும்புச் சட்டம், நேர்திசை மின்னோட்டத்தை மாறுதிசையாக்கும் இன்வெர்ட்டர், கம்பிகள், இடிதாங்கி, நிலத்தொடுப்பு, இருவழி மீட்டர், ஆட்கூலி, வரி, நிறுவனத்தின் இலாபம் ஆகியவை சேர்ந்தே மொத்த விலை. மேலும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய வீட்டுக்கூரைத் திட்டத்தில் மானியம் பெற வேண்டுமானால், இந்தியாவில் செய்த கலங்களால் ஆன பலகைகளையே வாங்க வேண்டும். அவற்றின் விலை உலகச் சந்தை விலையைவிட அதிகம். அத்திட்டத்தின்படி முதல் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் மொத்தம் 78,000 ரூபாயும் மானியம்.

பெரியவரின் கணக்கு

இனிப் பெரியவரின் தாளுக்கு வருவோம். கீழ்வரும் எண்களில் சில தோராயமானவை. உங்கள் வீட்டு எண்களைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டு வெயிலில் 1 கிலோவாட் பலகை சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் தரும். 3 கிலோவாட்டுக்கு 12 யூனிட், ஆண்டுக்கு 4,380. பலகையின் திறன் ஆண்டுதோறும் சிறிது குறையும், தூசி படியும். ஆகவே 25 ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 4,000 யூனிட் எனக் கொள்வோம். மொத்தம் ஓர் இலட்சம் யூனிட். இடையில் இன்வெர்ட்டரை ஒருமுறை மாற்ற 40,000 ரூபாய், துடைத்துப் பராமரிக்க 30,000 ரூபாய். மொத்தச் செலவு 2,50,000 ரூபாய். யூனிட்டுக்கு இரண்டரை ரூபாய். மிக மலிவு என்று தோன்றும். விற்பனையாளர்கள் சொல்லும் கணக்கும் பெரும்பாலும் இதுதான்.

இதில் ஒன்று விடுபட்டுவிட்டது: வட்டி. சூரியன் வட்டி கேட்பதில்லை. ஆனால் முதல்நாளே கொடுக்கும் பணத்துக்கு வட்டி உண்டு. கடன் வாங்கினால் வட்டி கட்ட வேண்டும். சேமிப்பிலிருந்து எடுத்தால் வரவேண்டிய வட்டி போகும். 1,80,000 ரூபாயை 8 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுகளில் சம தவணையாக அடைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 16,900 ரூபாய். பராமரிப்புக்கு ஆண்டுக்கு 2,800 ரூபாய். கூட்டி 4,000ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 90 காசு! வட்டியைச் சேர்த்ததும் விலை ஏறத்தாழ இரட்டித்துவிட்டது. மானியம் 78,000 ரூபாய் கழித்துப் பார்த்தால் யூனிட்டுக்கு 3 ரூபாய் 10 காசு.

இதுவும் எல்லா யூனிட்டும் பயன்பட்டால்தான். நான் பெரியவரிடம் அவருடைய மின்கட்டண அட்டையைக் கொண்டுவரச் சொன்னேன். இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் செலவு. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் 100 யூனிட் இலவசமாக்கப்பட்டது. ஆகவே அவர் பணம் கட்டுவது 320 யூனிட்டுக்கு மட்டுமே, ஆண்டுக்கு 1,920. அதற்கு அவர் கொடுப்பதும் சராசரியாக யூனிட்டுக்கு ஐந்து ரூபாயை எட்டவில்லை. 3 கிலோவாட் அமைப்போ ஆண்டுக்கு 4,000 யூனிட் தரும். மிஞ்சுவதற்கு எதுவும் கிடைக்காது என்று கடுமையாகக் கணக்கிட்டால், மானியம் போக அவருக்கு ஆண்டுச் செலவு ஏறத்தாழ 12,350 ரூபாய். அதை 1,920ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 6 ரூபாய் 40 காசு. நட்டம்!

அதற்கு மாறாக ஒன்றரை கிலோவாட் போதுமென்று வைத்துக்கொள்வோம். சிறிய அமைப்பு என்பதால் கிலோவாட் விலை சற்றுக் கூடும்; 1,00,000 ரூபாய் என்க. மானியம் 45,000 போக 55,000. தவணையும் பராமரிப்புமாக ஆண்டுக்கு ஏறத்தாழ 7,000 ரூபாய். கிடைக்கும் 2,000 யூனிட்டில் அநேகமாக எல்லாமே பயன்படும். யூனிட்டுக்கு மூன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். இது இலாபமே, பெரும் இலாபமன்று.

மாதம் முழுவதும் குளிர்சாதனப் பொறி ஓடும் வீடுகளின் கணக்கு வேறு. நம் கட்டணம் படிப்படியாக ஏறுவது. சூரிய மின்சாரம் மேல்படியிலுள்ள விலை மிகுந்த யூனிட்டுகளைத்தான் முதலில் குறைக்கிறது. நிறையச் செலவழிப்பவருக்கே அது நிறைய மிச்சம் பிடித்துத் தருகிறது. மிஞ்சும் மின்சாரத்துக்கான விலை, கட்டணம் ஆகியவற்றைப் பற்றிய விதிகள் அவ்வப்போது மாறுபவை. பணம் கொடுக்குமுன் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு அறிந்துகொள்வது நல்லது.

இன்னும் இரண்டு செய்திகளையும் சொல்லிவிட வேண்டும். சேமக்கலம் இல்லாத அமைப்பு, மின்தடையின்போது நண்பகலானாலும் வேலை செய்யாது. கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பவர்மீது நம் கூரையின் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாது என்பதற்காக இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். இரண்டாவது, வெயில் வேறு, வெப்பம் வேறு. சிலிக்கன் சூடேறினால் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ நூற்றில் 0.3 முதல் 0.4 பங்கு இழப்பு. அக்கினி நட்சத்திரத்தில் 60 டிகிரிக்குக் கொதிக்கும் பலகை பத்து விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிடும். ஆகவே பலகைக்கும் தளத்துக்கும் இடையே காற்றோட இடம் வேண்டும். தென்னை நிழலோ தண்ணீர்த் தொட்டியின் நிழலோ விழாத இடமும் வேண்டும்.

கணக்கு முழுவதையும் ஒரு தாளில் எழுதிப் பெரியவரிடம் கொடுத்தேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்படியானால் வெயிலுக்கு விலையில்லை, பொறுமைக்குத்தான் விலை என்கிறீர்கள்" என்றார். அஞ்சலகச் சேமிப்புப் பிரிவில் முப்பதாண்டுகள் வட்டிக் கணக்கு எழுதியவர் அல்லவா! மறுநாள் அந்த நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேசி, ஒன்றரை கிலோவாட்டுக்குப் புதிய விலைப்பட்டியல் கேட்டிருக்கிறார்.

சேப்பின் வீட்டுக்குக் கணக்குப் போட்ட நாளில் விடை 'இயலாது' என்று ஒன்றே ஒன்றுதான். இன்று அது வீட்டுக்கு வீடு மாறுகிறது. உங்கள் வீட்டு விடையை அறிய வேண்டியவை மூன்றுதான்: ஓராண்டு மின்கட்டண அட்டை, கூரையில் விழும் நிழல், கொடுக்கப்போகும் பணத்தின் வட்டி. பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.